சுளகு நின்ற இடத்தில் ஒரு வாங்கு

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். நன்றி அதற்குப் பிறகு. நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் பலர். எல்லாருக்கும் இடம் வைத்திருக்கிறேன்.

லண்டன் குட்மேய்ஸில் எலிகள் மட்டும் குடியிருந்த ஒரு கடையை எடுத்து, முருங்கைக்காயும் இராசவள்ளிக்கிழங்கும் விற்கிற கடையாக்கினேன். சாமான் அடுக்குகிற இறாக்கைகள் எல்லாம் என் கையால் அடித்தவை. இன்றைக்கும் ஒன்றும் சரியவில்லை. வீட்டில் சமைக்கிற குசினியின் பின்சுவரை உடைத்துப் பெருப்பித்து, பெரிய யன்னல் ஒன்று வைத்தேன். கவுன்சிலிலிருந்து வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், குறை ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கழற்றிப் பூட்டுகிற மேடை செய்து கொடுத்தேன். கலைவிழாவில் அதன்மேல் ஒரு கூட்டமே காவடி ஆடியது. மேடை அசையவில்லை. இவ்வளவையும் செய்தவன் ஆறாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். கொழும்பில் வேலை செய்த கடை கலவரத்தில் எரிந்த பிறகு ஒரு பையோடு லண்டனில் வந்து இறங்கியவன். ஆணி முடுக்குகிற சாமானை இங்கிலீசில் கேட்கத் தெரியாமல், கையை முறுக்கிக் காட்டி வாங்கியவன்.

கடைசியாக, லண்டன் களிமண்ணில் ஒரு தோட்டம். இந்த எழுத்து அதைப் பற்றியதுதான்.

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலரில் அந்தத் தோட்டத்தின் படங்களைப் போடப்போகிறார்கள். மற்றவர்களின் வீட்டு வளவுகளுக்குத் தோட்டம் வரைந்து கொடுப்பதையே என் மகள் இன்றைக்குத் தொழிலாகச் செய்கிறாள். எங்கள் வீட்டுத் தோட்டம்தான் அவளுடைய முதல் வேலை. "ஐயா, நீங்களும் ஒரு பத்து வரி எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். பத்து வரியில் என்னத்தைச் சொல்வது? தோட்டம் என்ன பத்து வரியிலா வந்தது?

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் வாங்கிய வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. பின்வளவு நல்ல நீளம், ஆனால் அகலம் இல்லை. இரண்டு பக்கமும் பலகை வேலி. றெயில் பெட்டி ஒன்றின் கூரையைக் கழற்றிவிட்டது மாதிரி இருக்கும். பக்கவழி கிடையாது. பின்னுக்கு ஒரு சாமான் போகவேண்டுமென்றால் முன்கதவால் வந்து, சாமிப் படத்தடியைக் கடந்து, குசினிக்குள்ளால்தான் போகவேண்டும். இதை ஞாபகம் வைத்திருங்கோ.

முதல் சில வருடங்கள் அந்த வளவு கடையின் பின்பக்கம் மாதிரித்தான் கிடந்தது. வெறும் மரக்கறிப் பெட்டிகள், குளிராமல் பழுதாய்ப்போன ஒரு பிறிச்சு, எப்போதாவது உதவும் என்று நான் வீடு இடிக்கிற இடங்களில் கேட்டு வாங்கிவந்த செங்கற்கள். முழங்கால் அளவுக்குப் புல்லு. கடைசியில் ஒரு கிழட்டு அப்பிள் மரம். நான் விடியமுதல் சந்தைக்குப் போய், இருட்டின பிறகு கடையைப் பூட்டி வருகிற ஆள். என் கண்ணில் வளவு படுவதேயில்லை. மனைவியின் கண்ணில் அது மட்டும்தான் பட்டது.

மரங்கள் இலை கொட்டுகிற காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. கனடாவில் ரொறன்ரோவிலிருந்து அவளுடைய மூத்த அண்ணன் ரெலிபோன் எடுத்துக் கதைத்துவிட்டு வைத்திருந்தார். அவளுடைய உடன்பிறந்தவர்கள் எல்லாரும் அங்கேதான், ஒருவர் வீட்டுக் குழம்பு மணம் மற்றவர் வீட்டுக்குப் போகிற தூரத்தில் இருக்கிறார்கள். அவள் பாத்திரம் கழுவுகிற பேசினில் நின்றபடியே சொன்னாள்:

"இஞ்சருங்கோ, அண்ணை திரும்பவும் கேட்டவர். பிள்ளையின்ரை பள்ளிக்கூடச் சோதினை முடிய நாங்களும் அங்கை போவம்."

"அப்ப கடை?"

"வித்துப்போட்டுத்தான்."

"உமக்கென்ன விசரே? இப்பதான் கடை நிமிர்ந்து நிக்குது."

"கடை நிமிர்ந்து நிக்குது. நான் இந்தப் பேசினுக்கு முன்னாலை குனிஞ்சு நிக்கிறன். நிமிர்ந்து பாத்தால் உங்கடை உடைஞ்ச பிறிச்சு. ஊரெல்லாம் சொல்லித் திரியிறியள் பெரிய யன்னல் வைச்சனான் எண்டு. என்னத்தைப் பாக்க வைச்சனீங்கள்?"

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. சத்தம் போட்டால் சமாளிக்கலாம். அவள் ஏற்கெனவே மனதால் பெட்டி கட்டிவிட்டாள் என்று தெரிந்தது. என் கடையும், என் மேடையும், நான் உடைத்துக் கட்டிய சுவரும் அந்த ஒரு நிமிடத்தில் கைவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்:

"வாற கோடை முடியுமட்டும் பொறும். அதுக்குள்ளை நீராய் விரும்பி இந்த வளவுக்கை போய் ஆறுதலாய் இருக்காட்டில், நானே கடையை வித்துப்போட்டு உம்மோடை வாறன்."

மேசையில் படித்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். வழக்கறிஞர் மாதிரிக் கதைப்பாள். "அம்மாவாய் விரும்பிப் போகவேணும். யூ கான்ற் ஃபோர்ஸ் ஹேர், அப்பா. வா எண்டு கூப்பிடவும் கூடாது."

"கூப்பிட மாட்டன்."

"சத்தியம்?"

சாமிப் படத்தைக் காட்டினேன். மனைவி பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, "குளிருக்கை சத்தியம் பண்ணுறது லேசு" என்றாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வெறுங்காணியைக் கொடுத்தால் என்ன செய்வோம்? பாத்தி கட்டுவோம். யாழ்ப்பாணத்தில் தண்ணீர் கிணற்றிலிருந்து இறைத்து வருகிற சாமான். ஒரு துளியும் ஓடிவிடக் கூடாது. ஆகையால் பாத்தியைப் பதித்து, சுற்றிவர வரம்பை உயர்த்தி, நடுவால் வாய்க்கால் வெட்டுவோம். எனக்கும் கை அதைத்தான் செய்தது. குப்பையை எல்லாம் அகற்றினேன். பிறிச்சை நானும் மகளுமாகச் சாமிப் படத்தடியால் கொண்டுபோய் வெளியே வைத்தோம். புல்லைச் செதுக்கினேன். வேலிக்கு வேலி நேர்நேராகப் பாத்தி கட்டினேன். நூல் பிடித்த மாதிரி இருந்தது. உள்ளிப்பூண்டும் நட்டேன். மனைவியை யன்னலடியில் கண்டபோது, "பாத்தீரே வரம்பை?" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

பிறகு மழை வந்தது. லண்டன் மழைக்கு ஒரு குணம்: அடித்துப் பெய்து போகாது, தூறிக்கொண்டே நிற்கும். களிமண்ணுக்கு ஒரு குணம்: வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காது. கிணற்று நீரைக் காப்பாற்றக் கற்ற என் கை, வானத்து நீர் முழுவதையும் காப்பாற்றி வைத்தது. உள்ளி அழுகியது. பாத்திகள் கண்ணாடி மாதிரி மினுங்கின. ஒருநாள் காலை இரண்டு காட்டுத்தாராக்கள் வந்து இறங்கி நீந்தின.

மனைவி யன்னலால் நெடுநேரம் பார்த்தாள். "தாராக்கு நல்லாய்ப் பிடிச்சிருக்கு" என்றாள். "அதுகள் தாங்களாய் விரும்பி வந்து இருக்குதுகள்."

மகள் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

நின்ற தண்ணீர் என் வளவோடு நிற்கவில்லை. வேலிக்கடியால் பக்கத்து வீட்டுக்கும் போயிற்று. அங்கே ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா தனியாக இருந்தார். அதுவரைக்கும் எங்களுக்குள் 'மோர்னிங்' என்பதைத் தவிர வேறு கதை இருந்ததில்லை. அவர் றப்பர் சப்பாத்தோடு எங்கள் முன்கதவில் வந்து நின்று, மெதுவாகச் சொன்னார்: "என்னுடைய றோசாக்களுக்கு நீந்தத் தெரியாது."

நான் 'சொறி, சொறி' என்று மன்னிப்புக் கேட்டு நிற்க, அவர் சண்டைக்கு வரவில்லை. வா என்று கையைக் காட்டினார். தன் வீட்டுக்குள்ளால் கூட்டிக்கொண்டுபோய், குசினிப் பேசினுக்கு முன்னால் என்னை நிறுத்தி, யன்னலைக் காட்டினார்.

நடுக் குளிர்காலம். ஒரு பூ இல்லை. ஆனாலும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவருடைய வளவும் என்னுடையதைப் போலவே றெயில் பெட்டிதான். ஆனால் பாதை நேரே ஓடவில்லை. பாதித் தூரத்தில் வளைந்து, இலை உதிராத ஒரு பச்சைப் பற்றைக்குப் பின்னால் மறைந்தது. மறைந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்கக் கால் இழுத்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில், குருவி தண்ணீர் குடிக்கிற ஒரு கல்லுச்சட்டி. கண் வேறு எங்கும் அலையாமல் அங்கே போய் நின்றது. அவருடைய இங்கிலீசில் பாதிதான் எனக்கு விளங்கியது. அந்தப் பாதி இது: "மண்வெட்டியை எடுக்கமுதல் இங்கே வந்து நில். தோட்டத்தை நாங்கள் அதிகம் பார்ப்பது இங்கேயிருந்துதான்." மிச்சத்தை யன்னல் சொல்லிவிட்டது.

அந்த அம்மா இன்றைக்கு இல்லை. அவர் பழக்கிய கண்ணால்தான் இன்றைக்கும் பார்க்கிறேன். வழக்குப் போடவேண்டிய இடத்தில் வழி காட்டிய மனிசி. என் முதல் நன்றி அவருக்கு.

அன்று வீட்டுக்கு வந்து, நேரே பேசினுக்குப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினேன். மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன, காய்ச்சலே?"

"தோட்ட வேலை செய்யிறன்."

"பேசினுக்கையோ?"

அங்கே நின்று பார்த்தபோதுதான் என் வரம்பின் வடிவு எனக்குத் தெரிந்தது. நேரான கோடுகள் வளவை இன்னும் ஒடுக்கிக் காட்டின. எல்லாம் ஒரே பார்வையில் முடிந்துபோயிற்று. போய்ப் பார்க்க ஒன்றுமில்லை.

மாசி முழுவதும் மண் வேலை. பதித்ததை எல்லாம் உயர்த்தினேன். களிமண் இளக வேண்டுமென்றால் வயிறு நிறையக் குப்பை போடவேண்டும், அதற்கு என்னிடம் கடை இருந்தது. அழுகின கோவா இலை, வாழைக்குலைத் தண்டு, கொத்தமல்லி வேர், முற்றின வெண்டிக்காய், எல்லாம் சாக்கில் கட்டிக் குசினிக்குள்ளால் போயிற்று. "சாமிக்கு முன்னாலை அழுகின கோவாவோ?" என்று மனைவி திட்டினாள். சரிதானே. மட்டைப் பெட்டிகளைப் பிரித்து நடைபாதை முழுக்க விரித்து, சாமிப் படத்துக்கு ஒரு திரையும் போட்டேன். சாக்கோடு நான் கடக்கிற நேரம் அவள் திரையை இழுத்து மூடுவாள். கடந்ததும் திறப்பாள். திட்டிக்கொண்டுதான், ஆனால் ஒருநாளும் தவறவில்லை. ஓடிப்போக நிற்கிற ஒருத்தி ஏன் இதைச் செய்யவேண்டும் என்று அந்த நேரம் நான் யோசிக்கவில்லை.

பங்குனியில் மகள் நூல்நிலையத்திலிருந்து தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். வீட்டுத் தோட்டத்தை எப்படித் திட்டமிடுவது என்கிற புத்தகம். தான் வாசித்து, எனக்குத் தமிழில் சொல்லுவாள். அவளுடைய தமிழும் என்னுடைய இங்கிலீசும் நடுவழியில் சந்தித்துக்கொள்ளும்.

"அப்பா, முதலாவது யூனிற்றி. எண்டால், ஒற்றுமை."

"அது எங்கடை ஆக்களுக்கை இல்லை. தோட்டத்திலை எண்டாலும் இருக்கட்டும். அடுத்தது?"

"பலன்ஸ்."

"தராசு. நான் கடைக்காரன், எனக்கு நீ தராசு சொல்லித் தாறியோ?"

"அப்பா! இது வேறை தராசு. ஒரு பக்கம் பெரிய மரம் நிண்டால், மற்றப் பக்கம் சின்னன் கொஞ்சம் கூட்டமாய் நிக்கவேணும். கண்ணுக்குப் பாரம் சமமாய் இருக்கவேணும்."

"கண்ணுக்குப் பாரம் இருக்கோ?"

"இருக்காம்."

யோசித்துப் பார்த்தேன். இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பிறிச்சைத் தூக்கி எறிகிற வரைக்கும் மனைவியின் கண்ணில் அதன் பாரம்தானே இருந்தது.

பிறகு அவள், கண் போய் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்று புத்தகம் சொல்வதாகச் சொன்னாள். "இது கோயில் கட்டினவைக்குத் தெரியாதோ? கொடிமரத்தடியிலை நிண்டு பார், மூலஸ்தானத்து விளக்கு நேரை தெரியும். சுத்திவர எவ்வளவு இருந்தாலும் கண் அங்கைதான் போகும்" என்றேன். "எக்ஸாக்ற்லி, அப்பா!" என்று துள்ளினாள். அன்றிலிருந்து அந்தப் புத்தகம் எனக்கும் சொந்தமாகிவிட்டது.

ஒரு விசயத்தில் மட்டும் நான் தோற்றேன். ஞாயிற்றுச் சந்தையில் ஒவ்வொரு வகைச் செடியிலும் ஒவ்வொன்று வாங்கி வந்து வைத்தேன். என் கடையில் இல்லாத சாமான் இல்லை என்று பெயர் எடுத்தவன் நான். தோட்டமும் அப்படி இருக்கவேண்டும் என்று நினைத்தேன். மகள் தலையில் கை வைத்தாள்.

"இது தோட்டம் இல்லை அப்பா, சந்தை. ஒரே செடியைத் திரும்பத் திரும்ப வைக்கவேணும். ரிப்பீற்."

"ஒண்டையே வைச்சால் ஆர் பாப்பினம்?"

அப்போது யன்னலுக்கு உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "கடையிலை தக்காளியை எப்பிடி வைக்கிறனீங்கள்? ஒண்டு ஒண்டாயோ, குவிச்சோ?"

வைத்த செடிகளைத் திரும்பக் கிளப்பத் தொடங்கினேன். குவித்தால்தான் தெருவில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். இது எனக்குத் தெரியாத விசயமா? தெரிந்ததைத் தெரியவேண்டிய இடத்தில் தெரிவதற்கு இரண்டு பெண்கள் தேவைப்பட்டார்கள்.

மகள் தாளில் வரைந்த வளைவுகளை நிலத்தில் போட, கடையில் திகதி முடிந்த கோதுமை மாவைக் கொண்டுவந்து கோடு இழுத்தேன். வீதி முழுவதிலும் இருந்த புறாக்களும் அணில்களும் வந்து என் திட்டத்தைத் தின்றன. திரும்ப இழுத்தேன். செடி வளர்ந்தால் எவ்வளவு உயரம் வரும் என்று பார்க்க, மட்டைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினோம்: இது பச்சைப் பற்றை, இது அவரைக்கொடி ஏறுகிற கழி, இது றோசா. மனைவி வெளியே காலெடுத்து வைக்கவில்லை. ஆனால் யன்னலுக்குள் நின்று கரண்டியால் காட்டினாள்: "அந்தப் பெட்டி உசரம் கூட, அப்பிள் மரத்தை மறைக்குது. இந்தப் பக்கம் தள்ளுங்கோ. இன்னும். காணும்." சமையலில் உப்புப் பார்க்கிற மாதிரி ஒரு கண் அவளுக்கு. பெட்டி நின்ற இடத்தில்தான் செடி நின்றது. ஒன்றையும் பிறகு மாற்றவேண்டி வரவில்லை.

நான் சேர்த்து வைத்த செங்கற்கள் வளைந்த பாதையாயின. 'உந்தக் குப்பை' என்று பேச்சு வாங்கிய அதே செங்கற்கள். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் கன்றுகள் தந்துகொண்டே இருந்தார்: பாதையோரத்துக்கு லாவண்டர், மறைப்புக்கு இலை உதிராத பற்றை, 'நீந்தத் தெரியாது, கவனம்' என்று சொல்லி ஒரு றோசா. மரக்கறிப் பாத்திகளை வளைவுக்குப் பின்னால் உயர்த்திக் கட்டினேன், யன்னலுக்குத் தெரியாமல். கடைசியில், அப்பிள் மரத்தடியில், கண் போய் நிற்கிற இடத்தில், மகளின் திட்டப்படி, ஆட்கள் இருந்து ஆற ஒரு மரவாங்கு வாங்கிப் போட்டோம். பாதை வளைந்தாலும் பார்வை அங்கேதான் போகும். பாட்டுப் போல இருந்தது.

ஆனி வந்தது. லாவண்டர் பூத்தது. மனைவி யன்னலால் பார்த்தாள். "வடிவாய்த்தான் கிடக்கு" என்றாள். அழகென்று சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு நான் கடையில் வந்தவர்களுக்கெல்லாம் அன்று கறிவேப்பிலையைச் சும்மா கொடுத்தேன்.

ஆனால் அவள் போய் இருக்கவில்லை.

ஆடி வந்தது. போகவில்லை. மகளின் சோதனை முடிந்துவிட்டது. ரொறன்ரோ அண்ணன் அங்கே பார்த்து வைத்திருந்த வீட்டின் படத்தை அனுப்பினார். கடையை விற்பீர்களா என்று யாரோ ஒருவர் வந்து இறாக்கைகளைத் தடவிப் பார்த்துவிட்டும் போனார். நான் சத்தியம் பண்ணியவன். வா என்று கூப்பிட முடியாது. கூப்பிடாமல் என்னவெல்லாம் செய்யலாமோ செய்தேன். வாங்கைத் துடைத்தேன். அதில் நானே இருந்து காலாட்டிக் காட்டினேன். அவள் யன்னலுக்குள் நின்று, "நல்ல சுகமே?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால், சுகமில்லை. அப்பிள் மரத்துக்கும் அதற்குப் பின்னால் நின்ற பெரிய மரங்களுக்கும் கீழே, கோடையிலும் முதுகு குளிர்ந்தது.

"அங்கை என்ன கிடக்கு?" என்றாள் அவள் ஒருநாள். "பாக்கிறதுக்கு நல்லாய் இருக்கு. பாத்தாச்சு."

ஆவணி வரப்போகிற ஒரு ஞாயிறு. கடையில் விற்காத பச்சைமிளகாயை அவள் வாடவிட மாட்டாள். கீறி, மோரில் ஊறவைத்து, அரிசி புடைக்கிற சுளகில் பரப்பி வெயிலில் காயவைப்பாள். லண்டன் வெயிலில் மோர்மிளகாய் போட நினைக்க எங்கள் பெண்களால்தான் ஏலும். வெயில் ஓர் இடத்தில் நிற்காது, சுளகும் நிற்காது. இரண்டு செங்கல்லைக் கீழே வைத்து, அதன்மேல் சுளகை வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள். நிழல் வந்ததும் போய் நகர்த்துவாள். மத்தியானம் குசினிப் படியடியில். பிறகு வலதுபக்க வேலியோரம். பிறகு பாதை வளைவு. அன்று நான் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு வீட்டில் நின்றேன். பேசினுக்கு முன்னால் நின்று, சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் சுளகு கடைசியாகப் போய் நின்ற இடம் இடதுபக்க வேலியடி, பாதித் தூரத்தில். பின்னால் நின்ற பெரிய மரங்களுக்கு நடுவில் ஓர் இடைவெளி. மற்ற இடமெல்லாம் நிழலாகிப் போன பிறகும், அதற்குள்ளால் வெயில் அந்த ஒரு துண்டில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அவள் சுளகை வைத்தாள். மற்ற இடங்களில் வைத்தவுடன் திரும்பி வருகிறவள், அங்கே வரவில்லை. வேலியில் ஒரு கையை ஊன்றி, முகத்தை வெயிலுக்குக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வரவே இல்லை.

நான் அடுத்த ஞாயிறும் பார்த்தேன். அதே இடம். அதே நிற்பு. புல்லில் சுளகுச் செங்கல்லின் அடையாளம் மஞ்சளாகப் பதிந்திருந்தது.

மகளிடம் சொன்னேன்: "வாங்கு இஞ்சைதான் வரவேணும்."

"அப்பா, நோ! கண் அங்கை போகவேணும், அப்பிள் மரத்தடிக்கு. ஃபோக்கல் பொயின்ற்."

"கண் போகட்டும், ஆர் வேண்டாம் எண்டது? ஆள் எங்கை போய் இருக்கிறது?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு யன்னலைப் பார்த்தாள். புத்தகத்தை எடுக்கவில்லை.

"அப்ப பலன்ஸ் போயிடும். இடதுபக்கம் பாரம் கூடும்" என்றாள், பாதி இறங்கிய குரலில்.

"தராசை நீ பார். வாங்கை நான் பாக்கிறன்."

மரவாங்கை அப்பிள் மரத்தடியிலேயே விட்டுவிட்டு, மிச்சமிருந்த செங்கல்லால் புது வாங்குக்கு இரண்டு கால் கட்டினேன். கடையிலிருந்த ஒரு தடித்த இறாக்கைப் பலகையை இழைத்து மேலே போட்டேன். அவளுடைய உயரத்துக்குச் சரியாக, கால் நிலத்தில் படுகிற மாதிரி. பக்கத்தில் ஒரு சுளகு வைக்கிற அளவுக்கு நீளம் விட்டு. மகள் வலதுபக்கத்தில் உயரமான புல்லுக்கூட்டம் ஒன்றை நட்டுத் தராசைச் சரிசெய்தாள். அதைப் பார்த்தபிறகு எனக்குத் தெரிந்தது, அவள் சொன்னதும் சரி; அந்தப் புல்லு இல்லாவிட்டால் என் வாங்கு தனியே துருத்திக்கொண்டு நின்றிருக்கும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கைக் காட்டவும் இல்லை. சத்தியம் சத்தியம்தான்.

கோடையின் கடைசி ஞாயிறுகளில் ஒன்று. பின்னேரம். நடைபாதையில் ரெலிபோன் அடித்தது. மகள் எடுத்தாள். "ரொறன்ரோ மாமா" என்றாள். "அம்மா!" என்று குசினிக்குள் பார்த்தாள். அங்கே ஆள் இல்லை.

நான் யன்னலுக்குப் போனேன். அவள் வாங்கில் இருந்தாள். பக்கத்தில் சுளகு, மறுபக்கத்தில் தேத்தண்ணி. ஒவ்வொரு மிளகாயாகப் பிரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள்.

மகள் ஓடிப்போய்ச் சொல்ல, அவள் வெறுங்காலோடு உள்ளே வந்து ரெலிபோனை வாங்கினாள். நான் முன்கதவு ஆடுகிற பிணைச்சலில் ஏதோ பழுது பார்க்கிற மாதிரி நின்றேன். மச்சானின் குரல் அடுத்த வீட்டுக்கும் கேட்கும்.

"என்ன மாதிரி? முடிவெடுத்தாச்சோ? அந்த வீட்டுக்காரனுக்கு நான் என்ன சொல்லுறது?"

"ஓம் அண்ணை... இல்லை அண்ணை... பிறகு எடுங்கோவன். வெயில் போகப்போகுது."

"வெயிலோ? லண்டனிலையோ? என்ன விசர்க்கதை..."

அவள் வைத்துவிட்டாள். ரொறன்ரோவிலிருந்து வருகிற அழைப்பை அந்தக் காலத்தில் யாரும் அப்படி வைப்பதில்லை. பிணைச்சலோடு நின்ற என்னைக் கடந்து போகும்போது சொன்னாள்:

"என்ன நிண்டு பாக்கிறியள்? உங்கடை தேத்தண்ணியும் அங்கைதான் வைச்சிருக்கு. ஆறப்போகுது."

நான் போனேன். சுளகை மடியில் எடுத்து எனக்கு இடம் விட்டாள். கனடாவைப் பற்றி அன்றும் கதைக்கவில்லை, அதற்குப் பிறகும் கதைக்கவில்லை. அவளுடைய அண்ணன்மார் கோடைக்குக் கோடை இங்கே வந்து, அந்த வாங்கில் இருந்து, "இஞ்சை நல்லாய்த்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இப்போது ஆண்டு மலர்க்காரருக்கு.

நீங்கள் போடப்போகிற படத்தை எனக்குக் காட்டினீர்கள். அதில் என் மனைவி இருக்கிறாள். பக்கத்தில் சுளகு. கீழே நீங்கள் எழுதியிருப்பது: 'மகள் வடிவமைத்த தோட்டத்தில் தாயார்.' ஒரு பிழையும் இல்லை. மகள்தான் வடிவமைத்தாள், என் பிள்ளை அந்தப் படிப்பைப் படித்துப் பெரிய ஆளாக வந்ததற்குச் சாமிக்கும், அந்தத் தடித்த புத்தகத்தை இலவசமாகக் கொடுத்த நூல்நிலையத்துக்கும் நன்றி. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நன்றி. யன்னலுக்குள் நின்று கரண்டி பிடித்தவளுக்கு, சாமிப் படத்துத் திரையை இழுத்து இழுத்து மூடியவளுக்கு, ஆயுள் முழுக்க நன்றி. நேரத்துக்கு நேரம் நகர்ந்த வெயிலுக்கும் நன்றி.

ஆனால் படத்தில் அவள் இருக்கிறது அப்பிள் மரத்தடியில் இல்லை. நன்றாகப் பாருங்கோ. அவள் இருக்கிறது நான் கட்டிய வாங்கில், நான் கண்டுபிடித்த இடத்தில், என் கடைக் குப்பையில் இளகிய மண்ணுக்கு மேலே. ஆகையால் கீழே இப்படித்தான் வரவேண்டும். என் பெயர் போடாவிட்டாலும் காரியமில்லை, உறவு முறையைப் போட்டால் காணும்:

'வடிவம்: மகள். கன்றுகள்: பக்கத்து வீட்டு அம்மா. யன்னல் மேற்பார்வை: தாயார். மண்ணும், வாங்கும், வாங்கு வைத்த இடமும்: தகப்பன்.'

எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கோ. நான் ஆறாம் வகுப்பு. இடம் காணாவிட்டால் இந்தக் கட்டுரையில் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கோ. படத்துக்குக் கீழே வருகிற அந்தக் கடைசி நாலு சொல்லில் மட்டும் கை வைத்தால், படத்தையும் திருப்பித் தந்துவிடுங்கோ.